பூகம்பம் கண்ட கட்டடமும் கம்பியின் ஆயுளும்

கான்கிரீட் கட்டடம் இன்று கிராமத்திற்குப் புதியதன்று. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம், மேல்நிலை நீர்த்தொட்டி ஆகிய யாவும் கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் கூடிச் செய்யும் வேலையினால் நிற்பவை. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றைப் பற்றி நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அனுபவம் உண்டு. ஆனால் கான்கிரீட்டின் உள்ளே மறைந்து கிடக்கும் கம்பியைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு முறை கட்டி, வார்த்து, மூடிவிட்டால் அது என்றென்றும் அதே பலத்துடன் இருக்கும் என்றே பலரும் நம்புகின்றனர்.

பூகம்பத்தினால் குலுங்கிய கட்டடத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை சரியானதன்று. பெருங்குலுக்கலின்போது கம்பி தன் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவிட்டு விடுகிறது. செலவானது எவ்வளவு, மீதியிருப்பது எவ்வளவு என்பதைச் சுவரின் வெளிப்புறம் நமக்குச் சொல்வதில்லை. விரிசலைப் பூசி, வெள்ளையடித்து, குழந்தைகளை மீண்டும் அக்கட்டடத்திற்குள் அனுப்புவதற்கு முன் இந்த உண்மையை அறிந்திருத்தல் அவசியமாகும். கம்பியின் களைப்பு, கம்பியின் முதுமை என்னும் இரண்டையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

கம்பி செய்யும் வேலை

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே இழுப்பு ஏற்படும் இடங்களில் உருக்குக் கம்பியை வைக்கிறோம். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும் வரை இழுத்து விட்டால், அது தன் பழைய நீளத்திற்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் இழுத்தால் திரும்பாது. நீட்சியின் பெரும் பகுதி நிலைத்துவிடும். ஆயினும் நல்ல உருக்கு உடனே அறுந்துவிடாமல் மேலும் பல மடங்கு நீண்டு கொடுக்கும். இந்தக் குணமே பூகம்பத்தில் மனித உயிரைக் காப்பது.

பெரும் பூகம்பத்தில் சிறிதும் பழுதுபடாத கட்டடம் வேண்டுமென்றால் செலவு மிகப் பெரிதாகும். ஆகவே சாதாரணக் கட்டடங்களைப் பழுதுபட்டாலும் இடிந்து விழாத வகையில் அமைப்பதே உலகெங்கும் உள்ள வழக்கம். உத்தரங்களின் முனைகளிலும் சுவர்களின் அடியிலும் கம்பி நீண்டும் சுருங்கியும் அதிர்வின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்கிறது. உள்ளே இருப்போர் உயிர் தப்புகின்றனர். வேலையை அது சரியாகச் செய்துவிட்டது. ஆனால் அதே வேலையை இன்னொரு முறை செய்யும் திறன் அதனிடம் எஞ்சியிருக்கிறதா என்பதே மறுநாள் எழும் கேள்வி.

கம்பியின் களைப்பு

கட்டுக் கம்பியை அறுக்கக் கத்தரி கிடைக்காதபோது நாம் என்ன செய்கிறோம்? அதை இப்புறமும் அப்புறமுமாகப் பலமுறை வளைக்கிறோம். முதல் வளைவில் அது அறுவதில்லை. ஐந்தாறு முறை ஆனபின் அறுந்து கையோடு வந்துவிடுகிறது. இதைத்தான் பொறியியலார் களைப்பு என்று அழைக்கின்றனர்.

களைப்பில் இரு வகை உண்டு. ரயில் பாலத்தின் இரும்பு, சிறு சுமைகளை லட்சக்கணக்கான முறை தாங்கி மெல்லக் களைப்பது ஒரு வகை. பூகம்பத்தில் நேர்வது வேறு. அங்கே முறைகள் சிலவே. ஆனால் ஒவ்வொரு முறையும் கம்பி தன் எல்லையைக் கடந்து நீள்கிறது, பின் அமுக்கப்படுகிறது. நீளம் நூற்றுக்கு 1 பங்கு அளவில் நீண்டும் சுருங்கியும் வந்தால், கம்பி சில பத்து முறைகள் தாங்கக்கூடும். அதுவே நூற்றுக்கு 2 பங்கானால் பத்து முறை தாங்குவதே அரிது. அசைவு இரு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்று கொள்ளலாம்.

இந்தச் செலவு அழிவதில்லை, கூடிக்கொண்டே போகிறது. பத்தாயத்திலிருந்து எடுத்த நெல் தானாகத் திரும்பி வராது அல்லவா? முதற் பூகம்பத்தில் பாதி ஆயுள் போயிருந்தால், அடுத்ததற்கு மீதிப் பாதியே இருப்பு. பின்னதிர்வுகள் ஒவ்வொன்றும் அதிலிருந்து மேலும் சிறிது எடுத்துக்கொள்ளும்.

கம்பி பிதுங்குவது இந்த ஆயுளை மேலும் குறைத்துவிடும். தூணின் முனையில் மேற்பூச்சும் கான்கிரீட் உறையும் உதிர்ந்துவிட்டால், நீண்டு போன கம்பி அமுக்கத்தின்போது இரண்டு வளையங்களுக்கு நடுவே வெளிப்புறமாக வில்போல் வளைகிறது. வளைந்த இடத்தின் உட்புறத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண் வெடிப்புகள் தோன்றுகின்றன. அடுத்த இழுப்பில் கம்பி அங்கேயே அறுகிறது. கம்பியைக் கட்டியணைக்கும் வளையங்கள், அதாவது ரிங்குகள், நெருக்கமாக இருந்தால் இப்பிதுக்கம் தடுக்கப்படும். வளையத்தில் செய்த சிக்கனம் பிறகு தூணின் உயிரையே விலையாகக் கேட்கும்.

கம்பியின் முதுமை

களைப்பைக் கட்டுக் கம்பியைக் கொண்டு எளிதில் உணரலாம். முதுமை அவ்வாறன்று, அது ஓசையின்றி வருவது.

இரும்பைக் குளிர்ந்த நிலையில் அடித்தால் அது இறுகிப் போகும் என்பதை நம் ஊர்க் கொல்லர் நன்கு அறிவார். அதனால்தான் கொழுவை அடிக்கடி உலையிலிட்டுக் காய்ச்சி இளக்கிக்கொண்டு மேலே அடிக்கிறார். பூகம்பத்தில் கம்பி நீள்வதும் குளிர்ந்த நிலையில் அடிபடுவதைப் போன்றதே. ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை உலையிலிட இயலாது. அது இறுகியபடியே இருந்துவிடுகிறது.

அத்துடன் நிற்பதில்லை. உருக்கினுள் மிகச் சிறு அளவில் நைட்ரஜனும் கரியும் கலந்திருக்கின்றன. கம்பி தன் எல்லையைக் கடந்து நீண்டபோது உருக்கின் அணுக்கள் வரிசை குலைகின்றன. நாட்கள் செல்லச் செல்ல இந்த நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து, குலைந்த இடங்களில் போய் அமர்ந்து, அவ்விடங்கள் அசையாதபடி ஆப்பு வைத்தாற்போல் பிடித்துக்கொள்கின்றன. சாதாரண வெப்ப நிலையிலேயே சில மாதங்களில் இது நடந்துவிடும். வெப்பம் மிகுந்தால் விரைவில் நடக்கும். இதன் பயனாகக் கம்பி முன்னிலும் கடினமாகிறது. நீண்டு கொடுக்கும் குணமோ குறைகிறது. இதுவே உருக்கின் முதுமை.

இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. முதுமையடைந்த கம்பியை எடுத்து அதன் பலத்தை மட்டும் சோதித்தால், அது புதுக் கம்பியைவிட அதிக பலம் காட்டக்கூடும். பலம் கூடியதைக் கண்டு மகிழ்ந்தால் தவறு நேரும். உயிர் காப்பது நீண்டு கொடுக்கும் குணம், அதுவே குறைந்துள்ளது. மேலும், ஓரிடத்துக் கம்பி இறுகிப்போனால், அடுத்த பூகம்பத்தில் பழுது அதனருகே தயார் செய்யப்படாத வேறோர் இடத்திற்கு நகரவும் கூடும்.

எல்லா உருக்கும் ஒரே அளவில் முதுமையடைவதில்லை. உருக்கு வார்க்கும்போதே வனேடியம், டைட்டேனியம் போன்ற உலோகங்களைச் சிறிதளவு சேர்த்தால், அவை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதுமை பெரிதும் குறையும். கம்பிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786-இல் உள்ள மறு வளைப்புச் சோதனையின் கருத்தும் இதுவே. கம்பியை ஒரு முறை வளைத்து, 30 நிமிடம் கொதிநீரில் வைத்து, ஆறிய பின் ஓரளவு நிமிர்த்திப் பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் வரக்கூடிய முதுமையைக் கொதிநீர் அரை மணியில் வரவழைத்து விடுகிறது. வெடிப்பின்றி நிமிரும் கம்பியே தேறியதாகும்.

கிறைஸ்ட்சர்ச் நகரின் அனுபவம்

களைப்பும் முதுமையும் ஏட்டளவில் நிற்கும் செய்திகள் அல்ல. ஒரு நகரமே இவற்றை எதிர்கொள்ள நேர்ந்தது. நியூசிலாந்து நாட்டில் கான்டர்பரி பிரதேசத்தின் தலைமை நகரம் கிறைஸ்ட்சர்ச். 2010 செப்டம்பர் 4 அன்று அந்நகருக்கு மேற்கே 7.1 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தது. கட்டடம் விழுந்து இறந்தவர் எவருமில்லை. மக்கள் ஆறுதல் அடைந்தனர். ஆனால் 2011 பிப்ரவரி 22 நண்பகலில், அளவில் சிறியதாயினும் நகரின் மிக அருகில், ஆழமின்றி மற்றொரு பூகம்பம் நேர்ந்தது. 185 பேர் மாண்டனர். அதே ஆண்டு ஜூன், டிசம்பர் மாதங்களிலும் வலுவான அதிர்வுகள் தொடர்ந்தன.

மாண்டவர்களில் 115 பேர் ஸி.டி.வி. கட்டடம் என்ற ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். செப்டம்பர் பூகம்பத்திற்குப் பின் அக்கட்டடம் பார்வையிடப்பட்டு, தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கப்பட்டிருந்தது. அதன் வீழ்ச்சிக்கு அமைப்பிலேயே இருந்த குறைகள் முக்கியக் காரணம் என விசாரணைக் குழு கண்டது. தூண்களில் போதிய வளையங்கள் இல்லாமை அக்குறைகளுள் ஒன்று. வெளிப் பார்வை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

கம்பியைப் பற்றிய பாடத்தை வேறொரு கட்டடம் தந்தது. காலரி அபார்ட்மென்ட்ஸ் என்ற 14 மாடிக் குடியிருப்பு அப்போது கட்டிச் சில ஆண்டுகளே ஆனது. அது விழவில்லை. அதன் கான்கிரீட் சுவரில் தென்பட்ட விரிசலும் குறுகியதே. ஆனால் அவ்விடத்தில் கான்கிரீட்டைக் கொத்திப் பார்த்தபோது, உள்ளே செங்குத்துக் கம்பிகள் அறுந்து கிடந்தன.

சிறு விரிசலுக்குள் கம்பி அறுந்தது எவ்வாறு? சுவரில் பல விரிசல்கள் பரவலாக உண்டாகியிருந்தால், கம்பியின் நீட்சி பல இடங்களில் பங்கிடப்பட்டிருக்கும். அச்சுவரிலோ கம்பி குறைவு. கான்கிரீட் அதிக உறுதி. ஆகவே பல விரிசல்களுக்குப் பதில் ஒரே விரிசல் விழுந்தது. நீட்சி முழுவதையும் அந்தச் சில அங்குலக் கம்பியே ஏற்க நேர்ந்தது. விரிசல்கள் குறைவாக இருப்பது எப்போதும் நற்குறியன்று என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இதன் பின் அந்நகரின் கட்டடச் சொந்தக்காரர்களும் பொறியியலாரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: நிற்கின்ற கட்டடங்களில் கம்பிக்கு எவ்வளவு ஆயுள் மீதி? திட்டமாக விடையளிக்கும் முறை அன்று கைவசம் இல்லை. இந்த ஐயமும், பழுது பார்க்கும் செலவும், இன்ஷூரன்ஸ் ஏற்பாடுகளும் சேர்ந்து, நகர் மையத்தில் இருந்த பல மாடிக் கான்கிரீட் கட்டடங்களில் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டவை இடிக்கப்பட்டன. அவற்றுள் சில காப்பாற்றத் தக்கவையாக இருந்திருக்கலாம். அறியாமை இரு வகையில் நஷ்டம் தருகிறது. ஆயுள் முடிந்த கட்டடத்தில் குடியிருந்தால் உயிர் நஷ்டம்; ஆயுள் உள்ள கட்டடத்தை இடித்தால் பொருள் நஷ்டம்.

கான்டர்பரிப் பல்கலைக்கழகத்தார் இதற்கு வழி காண முயன்றனர். நீண்ட கம்பி கடினமாகிறது என்று மேலே கூறினோம். அக்கடினத்தை அளந்தால், கம்பி எவ்வளவு நீண்டது என்பதை மதிப்பிடலாம். விரிசலுக்கு அருகே கான்கிரீட்டை நீக்கிக் கம்பியின் கடினத்தை அளக்கிறார்கள். பழுதுபடாத இடத்தில் அதே கம்பியின் கடினத்தையும் அளந்து ஒப்பிடுகிறார்கள். உரிய அளவைகளைக் கொண்டு, செலவான பங்கையும் மீதியையும் கணக்கிடுகிறார்கள். விவசாயி நெற்கதிரைக் கையில் தேய்த்து முற்றலைக் கண்டறிவதைப் போல, கம்பியைத் தொட்டுப் பார்த்து அதன் பருவத்தை அறியும் வித்தை இது.

பூசி மறைப்பது பழுது நீக்கமாகாது

விரிசலுக்குள் எபாக்சி என்னும் பசையைச் செலுத்தி அடைப்பது நல்ல முறையே. அதனால் கான்கிரீட் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே புகுந்து துரு ஏறுவதும் தடைப்படும். ஆனால் கம்பியின் களைப்பை அது தீர்க்காது, முதுமையை மாற்றாது. மிகவும் களைத்த கம்பியை வெட்டி நீக்கி, புதுக் கம்பியை இணைப்பான்களைக் கொண்டு பொருத்த வேண்டும். அல்லது தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்து உறை அமைக்க வேண்டும். எது தக்கது என்பதைப் பொறியியலாரே தீர்மானிக்க வேண்டும். கம்பியைத் தீயில் காய்ச்சி இளக்கலாம் என்று எவரேனும் கூறினால் அதை ஏற்கலாகாது. இக்காலத்து டி.எம்.டி. கம்பியின் பலம் ஆலையில் தந்த விரைவான குளிரூட்டலினால் வந்தது. தீ அதைக் கெடுத்துவிடும்.

நம் கிராமங்களுக்கு இதில் என்ன?

தமிழ்நாடு பெரும் பூகம்பங்களுக்குப் பேர் போன இடமன்று. எனினும் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதி நன்கு குலுங்கியது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் எழுந்த அதிர்வைச் சென்னை மக்களும் உணர்ந்தனர். அதே ஆண்டு ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் பூகம்பத்தில், மேல்நிலை நீர்த்தொட்டிகளைத் தாங்கிய உருளை வடிவக் கான்கிரீட் தண்டுகள் பலவற்றில் அடிப்பகுதியில் குறுக்கு விரிசல்கள் விழுந்தன. அத்தகைய தொட்டி நம் ஊர்களிலும் உண்டு என்பதை எண்ண வேண்டும்.

பூகம்பம் வராவிட்டாலும் இப்பாடம் வீணாகாது. கம்பியைக் களைக்கச் செய்வது பூகம்பம் மட்டுமன்று. நம் வேலைத் தலத்தில் நாமே அதைச் செய்கிறோம். பின்னால் மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பிகளை மேலே நீட்டிவிட்டு, இடைஞ்சலாக இருக்கிறதென்று அவற்றை மடக்கி வைக்கிறோம். வெயிலும் மழையும் பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின், சம்மட்டியால் அடித்து நிமிர்த்துகிறோம். வளைப்பு, முதுமை, துரு, மறு வளைப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அத்தூணின் அடியிலேயே பலவீனத்தை விதைத்து விட்டோம் என்பதே இதன் பொருள்.

பழைய கம்பியின் கதையும் இத்தகையதே. 2010-இல் ஹெய்ட்டி நாட்டுப் பூகம்பத்திற்குப் பின், இடிபாடுகளிலிருந்து கம்பிகளை எடுத்து நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினர். வறுமையில் செய்த செயலாயினும் அபாயமானது. இடித்த கட்டடத்தின் கம்பியைக் குறைந்த விலைக்கு வாங்கித் தூணுக்கு வைப்போர் நம்மிடையேயும் இருக்கலாம். அக்கம்பி முன்பு எவ்வளவு உழைத்தது, எத்தனை முறை வளைந்தது என்பதை விற்பவரும் அறியார்.

பஞ்சாயத்து கவனிக்க வேண்டியவை

1. நில அதிர்வு உணரப்பட்டால், பொதுக் கட்டடங்களின் தூண் முனைகள், உத்தர முனைகள், சுவர் அடிகள், தொட்டித் தண்டுகள் ஆகியவற்றை உடனே பார்வையிட வேண்டும். உதிர்ந்த கான்கிரீட், பிதுங்கிய கம்பி, திறந்துகொண்ட வளையம், சுவரின் குறுக்கே ஓடும் தனி விரிசல் ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைக் கண்டால் கட்டடத்தைக் காலி செய்து மாவட்ட நிர்வாகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

2. பொறியியலார் பார்ப்பதற்கு முன் எந்த விரிசலையும் பூசி மறைக்கலாகாது. விரிசலின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பது தெரியும்.

3. விரிசல் சிறிதென்று ஆய்வு முடிக்கப்பட்டால், உள்ளே கம்பி பார்க்கப்பட்டதா என்று அங்கத்தினர்கள் மரியாதையுடன் கேட்க வேண்டும். அது அவர்களுடைய உரிமை, கடமையும் ஆகும்.

4. புதுக் கட்டடத்திற்கு ஐ.எஸ். முத்திரையுள்ள கம்பியே வாங்க வேண்டும். தர எண்ணுக்குப் பின் ‘டி’ என்ற எழுத்து இருத்தல் நன்று. எஃப்.ஈ. 500 கம்பி அறுவதற்கு முன் நூற்றுக்கு 12 பங்காவது நீள வேண்டும் என்பது விதி, எஃப்.ஈ. 500 டி கம்பிக்கு அது 16 பங்கு. அந்த எழுத்து, கம்பி கூடுதலாக நீண்டு கொடுக்கும் என்பதற்கு அடையாளம்.

5. பூகம்பத்தைத் தாங்க அமைக்கும் தூண்களின் முனைப் பகுதிகளில் வளையங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வளையத்தின் கொக்கி, தூணின் உட்புறம் நோக்கி 135 பாகை மடங்க வேண்டும். கான்கிரீட் போடுமுன் இதைப் பார்த்துவிட வேண்டும். போட்டபின் எவராலும் பார்க்க இயலாது.

6. மேலே நீட்டிவிடும் கம்பிகளை மடக்கலாகாது. சிமெண்டுப் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டினால் மூடி வைக்க வேண்டும். ஒரு முறை வளைத்த கம்பியை நிமிர்த்தித் தூணில் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

கட்டடம் எழும்போது செங்கல்லையும் சிமெண்டையும் ஊரார் எண்ணிப் பார்ப்பது வழக்கம். கம்பியையும் வளையத்தையும் அதே அக்கறையுடன் பார்க்கப் பழகுவோமாக. வாய் திறந்து தன் களைப்பைச் சொல்லக் கம்பியால் இயலாது. ஆகையால் அதைக் கேட்டறியும் பொறுப்பு நம்முடையதாகிறது. பொதுப் பணத்தில் எழுந்த கட்டடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் வேண்டாம். பயந்து இடிப்பதும் வேண்டாம். திறந்து பார்த்து, அளந்து அறிந்து, பின் முடிவு செய்யும் ஊரில், அடுத்த குலுக்கல் எந்நாளில் வந்தாலும் பள்ளிப் பிள்ளைகள் பத்திரமாக வெளியே வருவார்கள்.